நெவிலிடம் சொல்ல வேண்டியது

இந்தப் பாட்டு முடிந்ததும் நெவிலிடம் சொல்லிவிட வேண்டியதுதான். இல்லை, இது முடிந்ததும் அவர் தண்ணீர் குடிப்பார், தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற மனுஷனிடம் போய் எதையாவது சொன்னால் புரையேறும், அறுபத்தெட்டு வயது, வேண்டாம், அடுத்த பாட்டு முடியட்டும். அடுத்தது முடியும்போது ஐஸ்கிரீம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றே முக்கால் ஆனால் இந்த ஓட்டலில் ஐஸ்கிரீம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், பிள்ளைகள் எல்லாம் நாற்காலியை உதைத்துவிட்டு ஓடும், அந்தக் கூச்சலில் நாலு வருஷமாகப் பேசாத ஒரு ஆளிடம் முதல் பேச்சாக, நான் போகிறேன் நெவில், என்று தொண்டை கிழியக் கத்திச் சொல்ல முடியுமா. அதற்கும் அடுத்த பாட்டு. அதோடு இன்றைய வாசிப்பு முடிந்துவிடும், பியானோ மூடியை மூடிவிட்டு அவர் நேரே வெளியே போய் ஆட்டோ பிடித்துவிடுவார். அப்படியென்றால் இப்போது, இந்தப் பாட்டு முடிந்ததும், தண்ணீர் குடிப்பதற்கு முன்னால். சரி. முடிவாகிவிட்டது. முடிவாகிவிட்டதா? விரல்களுக்கு இதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, அவை பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கின்றன, அடிக்கு ஒரு சுரம், ஒன்று இரண்டு மூன்று நாலு, ஒன்று இரண்டு மூன்று நாலு, எஃபிலிருந்து புறப்பட்டு பி ஃப்ளாட்டுக்குப் போய்த் திரும்ப எஃபுக்கு வீடு வந்து சேர்கிற பன்னிரண்டு கட்டம், அதையே சுற்றிச் சுற்றி, கோயில் பிராகாரம் மாதிரி. என் இடது இடுப்பெலும்பில் பேஸின் முதுகு சாய்ந்திருக்கிறது. காதால் கேட்பதற்கு முன்னால் இடுப்பு கேட்டுவிடும். டபுள் பேஸ் என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரிவதில்லை, ஆள் உயரத்துக்கு ஒரு வயலின் என்று சொல்வேன், நின்றுகொண்டு கட்டிப் பிடித்துக்கொண்டு வாசிப்பது என்று சொல்வேன், ஓ, அந்தப் பெரிய வீணையா, என்பார்கள், ஆமாம் அதேதான் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். பதினாலு வயதில் பிடித்தது. இப்போது ஐம்பத்தாறு. நாலாவது மேசையில் ஒரு அம்மாள் தட்டில் மூன்று குலோப்ஜாமூனை வைத்துக்கொண்டு நான்காவதை யோசித்துக்கொண்டிருக்கிறாள். எடுத்துக்கொள் தாயே, யார் பார்க்கப் போகிறார்கள்.

இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் போட வேண்டும். இனெஸ் அப்படித்தான் எழுதியிருந்தாள், ஞாயிறு மாலைக்குள், மன்னிக்க வேண்டும், அதற்கு மேல் என்னால் காத்திருக்க முடியாது என்று. லிஸ்பன்காரி, சாக்ஸஃபோன் வாசிக்கிறவள், நாற்பது வயதுதான் இருக்கும். ஜூலையில் இந்த ஓட்டலில் தங்கியிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட வந்தவள் இட்லியை ஆறவிட்டுவிட்டு மூன்று மணி நேரம் என் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள், போகும்போது என் போன் நம்பரையும் மெயில் முகவரியையும் வாங்கிக்கொண்டு போனாள். நான் அதை மறந்தே போனேன். ஓட்டலில் வாசித்தால் யாராவது நம்பர் வாங்குவார்கள், மகள் கல்யாணத்துக்கு வாசிப்பீர்களா என்பார்கள், அவ்வளவுதான். ரெண்டு வாரத்துக்கு முன்னால் மெயில் வந்தது. அக்டோபர் பத்து முதல் கச்சேரிப் பயணம். நாற்பது நாள், பதினோரு ஊர், லிஸ்பனில் தொடங்கி ஹெல்சின்கியில் முடிகிறது. உங்கள் பேஸைக் கேட்டபோது எனக்குக் கீழே தரை இருப்பது தெரிந்தது, அந்தத் தரைமேல் நின்று எனக்கு வாசிக்க வேண்டும். இப்படி ஒரு வரி. நான் அதைச் சமையலறையில் நின்று வாசித்தேன், குக்கர் ஐந்தாவது விசில் அடித்தது, ஆறாவது அடித்தது, பருப்பு குழைந்து பாயசமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் காஸ்பர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு என் கையிலிருந்து போனை வாங்கிப் படித்தார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், எதையும் உயரத்திலிருந்து பார்த்துப் பழக்கம். "போயிட்டு வாட்டி," என்றார், "வீட்ட நான் பாத்துக்கிடுதேன்." பருப்பைக் காட்டி, "இதைவிட நல்லாவே பாத்துக்கிடுதேன்." அவ்வளவுதான் அவருக்கு. எனக்கு? எனக்கு அந்த நிமிஷமே நெவில் ஞாபகம் வந்துவிட்டது. சந்தோஷம் வந்து வாசலில் நிற்கிறது, செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் பின்னாலேயே நெவில்.

அவர் முகத்தைவிட அவருடைய இடது கையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், பியானோவில் கீழ்ச்சுரங்களை நடத்த வேண்டிய கை, அதை நான் பேஸில் வாசித்துவிடுவதால் பாதி நேரம் சும்மா இருக்கிற கை. அவருடைய இடது தோளுக்குப் பின்னால் என் இடம், இருபத்தாறு வருஷமாக அதே இடம், ஞாயிறு மதியம் தவறாமல். வலது பக்கம் கருணா, டிரம்ஸ். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வாய், அது கருணாவின் வாய். நெவில் திரும்பாமலே சொல்வார், "கருணா, அவங்ககிட்ட சொல்லு மேன், அடுத்தது பி ஃப்ளாட்." கருணா என் பக்கம் திரும்புவான், "எமிக்கா, பி ஃப்ளாட்டாம்." எனக்கும் நெவிலுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. "சரின்னு சொல்லு." "சரியாம் சார்." ஒரு தடவை கருணாவுக்குத் தொண்டை கட்டிப் பேச முடியாமல் போனது, அன்றைக்கு முழுக்க ஓட்டல் பில் தாளின் பின்பக்கம் எழுதி எழுதி இரண்டு பக்கமும் காட்டினான். பேச்சு இல்லையே தவிர வாசிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் வேடிக்கை. அவர் அரை நொடி தயங்கினால் நானும் தயங்குவேன், அவர் மூச்சு எடுக்கிற இடம் எனக்குத் தெரியும், அவருக்கு வயிறு சரியில்லை என்றால் இரண்டாவது பாட்டிலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிற புருஷன் பெண்டாட்டிகூட இவ்வளவு ஒற்றுமையாகச் சோறு தின்ன மாட்டார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்ட் பதினைந்து. இதே ஹால், மேசைக்கு மேசை மூவர்ண பலூன், மூவர்ண தோசைகூடப் போட்டார்கள், பச்சைப் பக்கத்தை யாரும் சாப்பிடவில்லை. நெவில் மைக்கை எடுத்து, டிரம்ஸ், கருணாகரன் என்றார், கைதட்டல். பியானோ, உங்கள் நெவில் என்றார், பெரிய கைதட்டல். மைக்கை வைத்துவிட்டு அடுத்த பாட்டை எண்ணத் தொடங்கினார். நான் அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், என் பேர் வரப்போகிறது, வரப்போகிறது என்று. பாட்டே முடிந்துவிட்டது. அப்புறம் கார் நிறுத்துகிற இடத்தில் பிடித்துக்கொண்டேன். என் பேரை ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னேனே சைல்ட்," என்றார். சொல்லவில்லை என்றேன். "மறந்துட்டேன் போல. என்ன இப்போ? பேஸை யாரு கேக்கறாங்க? நின்னாத்தான தெரியும்." அதுதான் அந்த வாக்கியம். நின்னாத்தான தெரியும். நாலு வருஷமாக அதைப் பல்லிடுக்கில் மாட்டின மாங்காய் நார் மாதிரி நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். திட்டினாரா? இருக்கிற வரைக்கும் உன்னை யாருக்கும் தெரியாது என்று? அல்லது, நீ நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று? காற்றை யார் கவனிக்கிறார்கள் என்கிற மாதிரி? திட்டு என்று எடுத்துக்கொண்டால் அவர் குரல் அப்படி இல்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டால் பாராட்டுகிற முகமா அது. ஆனால் அன்றைக்கு நான் யோசிக்கவில்லை, எனக்கும் வாய் இருந்தது. "உங்க இடது கை இருபத்திரண்டு வருஷமா தூங்கிக்கிட்டு இருக்கு நெவில், நான்தான் பக்கத்துல நின்னு தாலாட்டிக்கிட்டு இருக்கேன்," என்றேன். அவர் தன் இடது கையை ஒரு தரம் பார்த்தார், யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி, பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார். அவர் மனைவி டாஃப்னி இறந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அதை நினைக்கிறபோது மட்டும் விரல் கொஞ்சம் தடுக்குகிறது. பார், இப்போதுகூட. கருணா ஓரக்கண்ணால் பார்க்கிறான். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, வந்துவிட்டேன், பி ஃப்ளாட்.

உயரம்தான் என்னை இதில் கொண்டுவந்து விட்டது. ஐந்தடி ஒன்பது அங்குலம். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் என்னைவிட உயரம் மின்கம்பம் ஒன்றுதான். எமரென்சியா என்று பேர் வைத்திருந்தும், கொடிமரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து கூன் போட்டு நடந்தேன், போட்டோவில் எல்லாம் நான் உட்கார்ந்திருப்பேன், பூசையில் கடைசிப் பெஞ்சு. கான்வென்டில் வாத்தியக் குழு ஆரம்பித்தபோது துறைமுக கிளப்பிலிருந்து ஒரு பழைய பேஸ் வந்தது, எந்தக் கப்பல்காரன் விட்டுவிட்டுப் போனானோ, மூன்றே தந்தி, எலி கடித்த ஓட்டை. சிஸ்டர் மத்தில்தா வரிசையாக எல்லாப் பெண்களையும் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்று, "நிமிர்ந்து நில்லு," என்றார். நிமிர்ந்தேன். "இவதான்," என்றார். வேறு ஒரு தகுதியும் பார்க்கவில்லை. அதன் பின்னால் நிமிர்ந்து நிற்கலாம், நிற்காவிட்டால் வாசிக்க முடியாது. அந்த வருஷம்தான் எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. அப்புறம் சென்னை, கல்லூரி, கோடம்பாக்கம், சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிற ஐம்பது பேரில் கடைசி வரிசை, ஆறு பேஸ், அதில் ஐந்து ஆண்கள், அவர்களுக்கு நான் எப்போதும் 'தங்கச்சி'. தாளில் இருப்பதை வாசிப்போம், மூன்று சுரம், நிறுத்தம், மறுபடி மூன்று சுரம், பாட்டு என்ன என்பதே ஆறு மாதம் கழித்து டீக்கடையில் கேட்டால்தான் தெரியும், அட இது நாம் வாசித்ததாச்சே என்று ஆறு பேரும் டீயைக் கீழே வைப்போம். பிறகு கீபோர்டு வந்தது, ஆறு மூன்றானது, மூன்று ஒன்றானது, அந்த ஒன்று நான் இல்லை. ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் வாசித்துவிட்டு மூட்டை கட்டும்போதுதான் நெவில் வந்தார், பெரம்பூர்க்காரர், ஆங்கிலோ இந்தியன், வெள்ளைச் சட்டையில் குழம்புக் கறை. "ஜாஸ் வாசிப்பியா சைல்ட்?" என்றார். தாள் கொடுத்தால் எதையும் வாசிப்பேன் என்றேன். ஒரு தாளைக் கொடுத்தார். அதில் சுரமே இல்லை. எஃப், பி ஃப்ளாட், சி என்று பன்னிரண்டு கட்டத்தில் வெறும் எழுத்து, மளிகைச் சீட்டு மாதிரி. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் காலி. "மீதி எங்கே?" என்று கேட்டேன். "மீதி நீதான்," என்றார். முப்பது வயது எனக்கு அப்போது, பதினாறு வருஷம் வாசித்தாகிவிட்டது, அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன். அழுதேனா? சிரித்தேன் என்று காஸ்பர் சொல்கிறார். பொதுவாக அவர் ஞாபகம்தான் சரியாக இருக்கும்.

காஸ்பர் ஐந்தடி நாலு. பெண் பார்க்க வந்த அன்று என் சித்தி என் காதில், எழுந்திருக்காதே, கடைசிவரை எழுந்திருக்காதே, என்றாள். காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன், பேசினார்கள், எல்லாம் நல்லபடியாகப் போனது, அப்புறம் கரண்ட் போய்விட்டது. ஃபியூஸ் கட்டை மேலே இருந்தது. நான் யோசிக்காமல் எழுந்து போய்க் கையை நீட்டி மாட்டிவிட்டு வந்தேன். விளக்கு எரிந்தபோது எல்லாரும் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை, "ஸ்டூல் வாங்குற செலவு மிச்சம்," என்றார். அந்த இடத்திலேயே நான் சரி என்றுவிட்டேன். எங்கள் பழைய காரில் முன் சீட்டைச் சாய்த்து பேஸைப் படுக்க வைத்தால் ஆளுக்கு இடம் இருக்காது, நான் பின்னால் ஒடுங்கி உட்கார்வேன், அவர் பேஸுக்கு மாமனார் என்று பேர் வைத்திருக்கிறார், "மாமனார் ஏறியாச்சா? மாமனாருக்குப் பெல்ட் போட்டாச்சா?" ரெனிட்டா என் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம்வரை வாசித்தேன், பேஸைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் சரியாக உதைப்பாள், கருணா அப்போது புதிது, "உள்ள இருக்கறவங்க என்னைவிட நல்லா டைம் வெச்சிக்கறாங்கக்கா," என்பான். அவள் இப்போது கோயம்புத்தூரில் பல் டாக்டர், தாளம் துளியும் கிடையாது. போன வாரம் போனில், "அம்மா, பயமா இருக்கா?" என்று கேட்டாள். பயமில்லாமல்? மாமனார் வரப் போவதில்லை, விமானத்தில் அவருக்கு ஆகிற டிக்கெட்டில் ரெண்டு பேர் போகலாம், ஊருக்கு ஊர் அங்கேயே ஒரு பேஸ் தருவார்களாம். பதினோரு ஊரில் பதினோரு வேற்று பேஸ். வேறொருத்தி வீட்டு அடுக்களையில் சமைக்கிற மாதிரி, உப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல். அங்கே பேஸ் வாசிக்கிறவர்களுக்கு என்ன பஞ்சம், முதல் பாட்டிலேயே எல்லாரும் என்னைப் பார்த்து, யார் இந்தப் பொம்பளை, எங்கிருந்து பிடித்து வந்தார்கள், என்று யோசித்தால்? குளிரில் விரல் விறைத்துப் போனால்? குளிரைப் பற்றி மட்டும் கவலை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், இந்த வயதில் எனக்குத் திடீர் திடீரென்று கழுத்திலிருந்து தீப்பற்றிக்கொண்டு ஏறுகிறது, ஹெல்சின்கி எனக்கென்றே செய்து வைத்த ஊர். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பயம் இது இல்லை. பயம் இங்கே என் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, நரைத்த முடி, காலருக்கு மேல் ஒரு பிளாஸ்திரி, காலையில் சவரம் பண்ணும்போது வெட்டிக்கொண்டிருப்பார். நான் போய்விட்டால் ஓட்டல்காரன், பியானோ மட்டும் போதும் சார் என்பான், அதுவும் பேஸ் இல்லாமல் அந்த வலது கை மட்டும் அந்தரத்தில் ஆடினால் ஒரு மாதத்தில் அதுவும் வேண்டாம் என்பான். இந்த ஊரில் வேறு பேஸ் யார் இருக்கிறார்கள், கிட்டார் பையன்கள் இருக்கிறார்கள், அவருக்கு அது ஆகாது, கொசு ரீங்காரம் என்பார். டாஃப்னியும் இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் என்ன செய்வார்? கருணாவிடம் கேட்டேன், நீயே சொல்லிவிடேன் என்று. முதல் தடவையாக முடியாது என்றான். "பி ஃப்ளாட்னா சொல்லலாம்க்கா. இத நீதான் சொல்லணும்."

அடுத்த சுற்று. எத்தனையாவது? ஆறு, இல்லை, ஏழு. வழக்கமாக எட்டில் முடித்துவிடுவார். எட்டு முடிந்ததும் சொல்ல வேண்டும், நெவில் என்று ஆரம்பிக்கலாம், பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், நாலு வருஷமாக வாயில் வராத பேர், சரியாக வருமா... என்ன இது. நெவில் வலது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்து, திரும்பாமலே, தோளுக்கு மேல் எனக்கு உள்ளங்கையைக் காட்டுகிறார். பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. நிறுத்து. என்னையா? என்னைத்தான், பின்னால் வேறு யார் நிற்கிறார்கள். இருபத்தாறு வருஷத்தில் பாட்டு நடுவில் யாரும் என்னை நிறுத்தச் சொன்னதில்லை. அவர் நிற்பார், கருணா நிற்பான், நான் நின்றதில்லை. விரல் ஒரு சுரம் தாண்டிப் போய்த்தான் நின்றது. தந்திகளின் மேல் கையை வைத்து அடக்கினேன், இடுப்பில் அதிர்வு நின்றது, படகு கரையில் ஏறினதும் காலுக்குக் கீழே ஒரு மாதிரி இருக்குமே அப்படி. டிரம்மைத் தடவுகிற கருணாவின் பிரஷ் மட்டும் உஸ் உஸ் என்று. நாலாவது மேசை அம்மாள் குலோப்ஜாமூன் ஸ்பூனை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். ஏசி நின்றுவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. கோபம் வந்தது எனக்கு, நாலு வருஷம் கழித்துப் பழிவாங்குகிறாரா, சபை நடுவில் வைத்து, நீ இல்லாமல் முடியும் பார் என்று? அப்போதுதான் கேட்டது. கீழே. ஒன்று இரண்டு மூன்று நாலு. அடிக்கு ஒரு சுரம். அவருடைய இடது கை நடந்துகொண்டிருந்தது. பார்த்தேன், நான் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே கை, சுண்டு விரல் கொஞ்சம் வளைந்த கை, கீழ்க்கட்டைகளில் குனிந்து குனிந்து நடக்கிறது. பெரிய லாவகம் ஒன்றும் இல்லை, ஒரு இடத்தில் அடி தவறியது, உடனே சமாளித்துக்கொண்டது, ஆனால் நடக்கிறது, எஃபிலிருந்து பி ஃப்ளாட்டுக்குப் போய், நிற்காமல், திரும்ப வருகிறது. வலது கை மேலே சேர்ந்துகொண்டது. கடைசி நாலு கட்டத்தில், ஜிக்குப் போகிற இடத்தில் நான் நேரே போய் ஏறமாட்டேன், ஒரு படி கீழே இறங்கி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன், அது என் கெட்ட பழக்கம், எந்தத் தாளிலும் இல்லை. அந்தக் கை அங்கே வந்தது, ஒரு படி இறங்கியது, எட்டிப் பார்த்தது, ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, ஐந்தடி ஒன்பது அங்குலமும் குலுங்கச் சிரித்தேன். கருணா தலையைக் குனிந்துகொண்டு டிரம்மையே பார்க்கிறான், காது மட்டும் சிவந்திருக்கிறது. தெரிந்துவிட்டது. இவன்தான். அடப்பாவி, சொல்லமாட்டேன் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு. எட்டாவது சுற்றை முழுக்க அவரே தனியாக நடந்தார். ஒன்பதாவதன் வாசலில் தலையை ஒரு தரம் ஆட்டினார், வா என்று. போனேன். இடது கை ஒதுங்கி இடம் விட்டது.

வழக்கத்தைவிட நீண்டுபோய்ப் பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள், அதற்குள் ஐஸ்கிரீம் வண்டியே வந்துவிட்டது, பிள்ளைகள் ஓடின. நான் பேஸை அதன் தாங்கியில் சாய்த்துவிட்டுக் கருணாவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பியானோவுக்கு முன்னால் நின்றேன். முகத்தைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிவிட்டது, பல் ஒன்று போயிருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. "நெவில்," என்றேன். சரியாகத்தான் வந்தது. "அக்டோபர் பத்தாம் தேதி நான்..." "தெரியும்," என்றார். நான் திரும்பிக் கருணாவைப் பார்த்தேன். அவன் ஏதோ ஒரு திருகை, நன்றாக இருக்கிற திருகை, முறுக்கிக்கொண்டே, "ரெண்டு வாரமா உள்ளயே வெச்சிக்கினு இருந்தா வயிறு ஊதிடும்க்கா, நான் இன்னா பண்றது," என்றான். நெவிலிடம், "எப்போ பழகினீங்க இதை?" என்று கேட்டேன். "அந்தக் கார் பார்க்குக்கு மறுநாள் காலையிலேர்ந்து," என்றார். "உன்னைத் திட்டிக்கிட்டேதான் சைல்ட் பழகினேன். டெய்லி ரெண்டு மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரன் காலி பண்ணிட்டு வில்லிவாக்கம் போயிட்டான்." "நாலு வருஷமாவா? இங்கே ஒரு நாள்கூட வாசிக்கலையே?" அவர் பியானோக் கட்டைகளைக் கைக்குட்டையால் துடைத்தார், சுத்தமாக இருந்த கட்டைகளை. "இங்க வாசிச்சா நீ எங்க நிப்ப?" என்றார். எனக்கு எப்போதும் வாய் உண்டு, அன்றைக்குக் கார் நிறுத்துகிற இடத்தில் இருந்ததே, அது இப்போது எங்கே போய்த் தொலைந்தது. ஒருவழியாக, "டாஃப்னி போய் மூணு மாசம்தான் ஆயிருந்தது, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றேன். அவர் கையை வீசினார். "அன்னிக்கு எனக்கு என் பேரே தெரியாது. உன் பேரை எங்க தேடுவேன்?" "கருணா பேரு மட்டும் தெரிஞ்சுதே?" "அவன் சிம்பல்ல டங்குனு ஒண்ணு வெச்சான் மேன், அதுல ஞாபகம் வந்துச்சு." கருணா, "சத்தியமா தெரியாம பட்டுச்சுக்கா," என்றான். மூன்று பேரும் சிரித்தோம். ஒரே நேரத்தில் மூன்று பேரும் பேசினோம், ஒருவர் பேச்சும் ஒருவருக்குக் கேட்கவில்லை, பல் எப்போது போனது என்று நான் கேட்டேன், அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று அவர் கேட்டார், சனி ஞாயிறு ரெண்டு நாளும் ரெண்டு பேராகவே வாசிக்கிறதாக மேனேஜரிடம் பேசியாகிவிட்டது என்று கருணா சொன்னான்.

"பதில் போட்டியா?" என்றார் நெவில். இல்லை என்றேன். "போடு. நாங்க இருக்கோம்." போனை எடுத்தேன். வருகிறேன் என்பதை எழுத எவ்வளவு நேரம் ஆகும், ஆனால் என் விரல் நுனி எல்லாம் காய்ப்பு, அரை மணி வாசித்த பிறகு கண்ணாடித் திரைக்கு என் விரல் விரலே இல்லை, எத்தனை தட்டினாலும் அசையாது. கட்டைவிரல் கணுவால் ஒவ்வொரு எழுத்தாக முட்டி முட்டி எழுதினேன். அனுப்புகிற பொத்தான் மட்டும் எதற்கும் மசியவில்லை. நெவில் எட்டிப் பார்த்தார், "குடு இங்க," என்று வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நான் எழுதியதை ஒருமுறை முழுக்கப் படித்து, ஒரு இடத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தி, அழுத்தினார். விஷ் என்று ஒரு சத்தம். போய்விட்டது. அவ்வளவுதானா? நாற்பது நாள், பதினோரு ஊர், ஹெல்சின்கி, விஷ். பேச்சிலேயே ஒரு பாட்டு நேரம் போய்விட்டிருந்தது, மேனேஜர் தூரத்திலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், கடைசிப் பாட்டு. நான் என் இடத்துக்குப் போய்ப் பேஸை எடுத்து நிமிர்த்தினேன். கருணா குச்சியை மாற்றினான். எப்போதும் பாட்டைச் சொல்வதும் நெவில், எண்ணித் தொடங்குவதும் நெவில், ஒன், டூ, என்று விரலைச் சொடுக்கி, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். முதுகு அசையவில்லை. "நீ எண்ணு," என்றார். "எதை?" "எது வேணுமோ அதை." இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு பாட்டைக்கூட எண்ணித் தொடங்கியதில்லை, லிஸ்பனைவிட இது பயமாக இருக்கிறது, எந்தப் பாட்டு, என்ன வேகம், என் வேகம் என்று ஒன்று எனக்கு இருக்கிறதா என்ன. இருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை, குதிகாலில் இருந்தது, ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தது. "ஈ ஃப்ளாட்," என்றேன், குதிகாலை நன்றாகக் கேட்கும்படி தட்டிக் காட்டினேன். "ஐயோ," என்றார் நெவில், "இவ்ளோ ஸ்பீடா? வயசாயிடுச்சு சைல்ட்." "எனக்கு ஆகலை," என்றேன். கருணா பின்னாலிருந்து, "அக்கா, சீக்கிரம்," என்றான். மூச்சை உள்ளே இழுத்தேன், "ஒண்ணு, ரெண்டு," என்றேன், குரல் என்னுடையதா இது, எங்கோ கப்பல்துறையில் கூவுகிறவன் குரல் மாதிரி, ஐஸ்கிரீம் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு," மூன்று பேரும் ஒன்றாகக் குதித்தோம்.